ஆறு டயர், ஒரு வீடு, ஒரு கடற்கரை: டெக்ஸாஸ் மணலில் மாமாவின் கேரவன்!

கேரவன் என்றதும் நமக்கெல்லாம் ஞாபகம் வருவது ஷூட்டிங் ஸ்பாட்தான். ஏசி, மேக்கப் கண்ணாடி, வாசலில் குடை பிடிக்க ஓர் உதவியாளர். என் மாமாவின் கேரவனில் இருப்பது இரண்டு பர்னர் அடுப்பு, பிரஷர் குக்கர், குளிக்கும்போது முழங்கை இடிக்கிற ஒரு குட்டி பாத்ரூம், டேஷ்போர்டில் பிள்ளையார். அப்புறம், முன்னால் இரண்டு, பின்னால் நான்கு என ஆறு டயர்கள்.

இந்தக் கட்டுரை அந்த ஆறு டயர்களைப் பற்றியது. 'டயருக்கு ஒரு கட்டுரையா?' என்று விரலால் தள்ளிவிட்டுப் போய்விடாதீர்கள். ஒரு சாயங்காலம் முழுக்க எங்கள் வீடு, ஆம், வீடேதான், கடலோரத்தில் புதைந்து கிடந்தது. அப்போது எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம் ஒன்றே ஒன்றுதான். அது அந்த டயர்களுக்குள் இருந்தது.

என் அம்மாவின் தம்பி அவர். சொந்த ஊர் ராமநாதபுரம் பக்கம். 20 வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாக அமெரிக்காவில், டெக்ஸாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோ நகரில் இருக்கிறார். மூன்று வருடத்துக்கு முன் செகண்ட் ஹேண்டில் ஒரு மோட்டார்ஹோம் வாங்கினார். ஃபோர்டு இ-450 என்ற வேன் அடித்தளத்தின்மேல் கட்டிய வண்டி. அங்கே 'கிளாஸ் சி' என்கிறார்கள். டிரைவர் தலைக்கு மேல் ஒரு பரண் படுக்கை நீட்டிக்கொண்டிருக்கும், பார்த்திருப்பீர்கள்.

கடந்த ஏப்ரலில் லீவு போட்டுப் போயிருந்தேன். ஏர்போர்ட்டிலிருந்து வீட்டுக்குப் போகும் வழியிலேயே மாமா ஆரம்பித்துவிட்டார்.

"இங்க பாருத்தா, இந்தத் தடவை உங்க அத்தையை பீச்சுக்குள்ளயே கூட்டிட்டுப் போறோம். பார்க்கிங்ல விட்டுட்டு நடக்கிறது இல்ல. வண்டியோட. தண்ணி ஓரம் வரைக்கும்."

அத்தை பாம்பன்காரர். கடல் சத்தம் கேட்டுத் தூங்கி வளர்ந்தவர். இரண்டு முழங்காலிலும் ஆபரேஷன் ஆனதிலிருந்து மணலில் நாலு எட்டு வைப்பதே அவருக்குப் பாடு. போன வருடம் கடற்கரைக்குப் போய், சிமென்ட் தரையில் நாற்காலி போட்டுத் தூரத்தில் கடலைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள். "டிவில பாக்குற மாதிரி இருந்துச்சு" என்று அத்தை ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறார். மாமாவுக்கு அது உள்ளே தைத்துவிட்டது.

சான் அன்டோனியோவிலிருந்து தென்கிழக்கே சுமார் 230 கிலோமீட்டரில் கார்ப்பஸ் கிறிஸ்டி. அங்கிருந்து பாலம் தாண்டினால் பாத்ரே தீவு. மெக்சிகோ வளைகுடாவை ஒட்டி ஒரு நீண்ட மணல் கோடு. அதில் சுமார் 110 கிலோமீட்டரை 1962-ல் தேசியக் கடற்கரை என்று அறிவித்து, ஹோட்டல், அபார்ட்மென்ட் எதுவும் வராமல் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். பாதிரியார் ஹோசே நிக்கோலாஸ் பாயி என்பவரிடம் அந்தத் தீவு இருந்ததால் 'பாத்ரே', அதாவது பாதிரியார் தீவு.

நமக்கு ஆச்சரியமாக இருக்கும் விஷயம், அங்கே கடற்கரை என்பது சட்டப்படி பொதுச் சாலை. நம்பர் பிளேட், இன்ஷூரன்ஸ், லைசென்ஸ், சீட் பெல்ட் எல்லாம் மணலிலும் வேண்டும். தார் ரோடு முடிகிற இடத்திலிருந்து தெற்கே 60 மைல், ஏறத்தாழ 97 கிலோமீட்டர், மணலிலேயே ஓட்டிக்கொண்டு போகலாம். 5 மைலுக்கு ஒரு கம்பம். முதல் 5 மைல் சாதாரண வண்டிக்கே பெரும்பாலும் சரிப்படும். அதற்கப்புறம் நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டிதான். 60-வது மைலில் மேன்ஸ்ஃபீல்டு கால்வாய் தீவை வெட்டுகிறது. அதோடு பாதை முடிந்தது.

மாமாவின் கனவு அந்த 60-வது மைல்.

டயர் கடையில் ஒரு மதியம்

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு மாமா என்னையும் டயர் கடைக்குக் கூட்டிப்போனார். அவர் மனதில் ஒரு படம் இருந்தது. பின்னால் ஜோடி ஜோடியாக இருக்கும் நான்கு டயர்களைக் கழற்றிவிட்டு, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ராட்சத டயர் மாட்டுவது. பாலைவனப் பயணிகளின் வீடியோக்களில் வருமே, ராணுவ லாரி மாதிரி, அது. அதோடு பெரிய, பளபள அலாய் ரிம். பட்டன் ஆழமான சேற்று டயர்.

ஆசையில் நியாயம் இருக்கிறது. ஜோடி டயருக்கும் மணலுக்கும் ஆகாது. முன் டயர் ஒரு தடம் போட்டுக்கொண்டு போகும். பின்னால் வரும் டயர் அதே தடத்தில் வந்தால் சுலபம், மணல் ஏற்கெனவே அழுந்தியிருக்கும். ஆனால் பின்பக்கம் ஜோடியாக இருந்தால், பாதி பழைய தடத்திலும் பாதி புது மணலிலும் உழுதுகொண்டு வரும். ஜோடிக்கு நடுவே இருக்கும் இடைவெளியில் மணல் போய் அடைத்துக்கொள்ளும். உள் டயரின் வால்வுக்குக் கை போகாது. ஒற்றைப் பெரிய டயர் என்றால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

அப்படியானால் மாட்டிவிட வேண்டியதுதானே? கடைக்காரர், தலை நரைத்த ஒரு மெக்சிகன் வம்சாவளிப் பெரியவர், எங்களை டயர் பக்கத்தில் உட்காரவைத்து அதன் ஓரத்தில் இருக்கும் எழுத்தைப் படிக்கச் சொன்னார்.

எல்.டி 225/75 ஆர்16. அதற்குப் பின்னால் 115/112.

முதல் பகுதி எல்லோருக்கும் தெரியும். 225 மில்லிமீட்டர் அகலம், பக்கச்சுவர் உயரம் அதில் 75 சதவிகிதம், 16 அங்குல ரிம். அந்த 115/112தான் நாம் யாரும் பார்க்காத எண். எடைக் குறியீடு அது. 115 என்றால் தனி டயராக மாட்டினால் 1,215 கிலோ தாங்கும். 112 என்றால் ஜோடியாக மாட்டினால் ஒவ்வொன்றும் 1,120 கிலோ. அதுவும் முழுக் காற்று, அதாவது 80 பிஎஸ்ஐ இருக்கும்போது. (உங்கள் கார் டயரிலும் இப்படி ஓர் எண் இருக்கிறது. இன்றைக்கு வெளியே போகும்போது பாருங்கள். காருக்கு ஜோடி டயர் கிடையாது, அதனால் ஒரே எண்தான் இருக்கும்.)

மாமா வண்டியை லாரி எடை மேடையில் ஏற்றி எடுத்த சீட்டு பர்ஸில் இருந்தது. முன் அச்சில் 1,850 கிலோ. பின் அச்சில் 3,900 கிலோ. மொத்தம் 5,750.

இப்போது கணக்குப் போடுங்கள். பின்னால் நான்கு டயர், தலைக்கு 1,120 என்றால் 4,480 கிலோ. 3,900-ஐத் தாராளமாகத் தாங்கும். அதே அளவு டயரைப் பக்கத்துக்கு ஒன்றாக மாட்டினால் 2,430 கிலோதான். ஒன்றரை டன் இடிக்கிறது. பார்க்க முரட்டுத்தனமாக இருக்கும் ஜீப் டயர்களிலும் பல, இந்த வீட்டின் எடைக்கு முன்னால் நிற்காது. குறியீடு 149 போட்ட லாரி டயர் வேண்டும். அது ஒன்றே 3,250 கிலோ தாங்கும். அதை மாட்ட 20 அங்குல ரிம், ரிம்முக்கு ஏற்ற மாதிரி ஆக்சிலில் மாற்றம், டயர் உரசாமல் இருக்க வண்டியின் உடம்பையே வெட்டுவது, வட்டம் பெரிதானதால் இழுவை குறையும் என்று கியர் விகிதம் மாற்றுவது. கடைக்காரர் பேப்பரில் எழுதிக்கொண்டே போக, மாமாவின் முகம் மாறிக்கொண்டே போனது. கடைசியில் வந்த தொகைக்கு ஒரு நல்ல பழைய காரே வாங்கலாம்.

பெரிய அலாய் ரிம் ஆசையையும் அவரே உடைத்தார். ரிம் பெரிதானால் டயரின் பக்கச்சுவர் குட்டையாகும். மணலுக்கு வேண்டியது நேர்மாறு. பக்கச்சுவர் உயரமாக இருந்தால்தான் காற்றைக் குறைக்கும்போது டயர் அமுங்கிப் பரவும். சேற்று டயர்? சேற்றில் டயர் கடித்து அடித்தரையைப் பிடிக்க வேண்டும். மணலுக்கு அடித்தரையே கிடையாது, கடிக்கக் கடிக்கத் தோண்டும். மணலில் டயர் மிதக்க வேண்டும். பட்டன் மழுங்கின டயர்கூடச் சில சமயம் மணலில் நன்றாகப் போகும் என்றார். நம்மூரில் அப்படியொரு டயரைப் பார்த்தால் அபராதச் சீட்டுதான் கிழிப்பார்கள்!

ஆக, அன்றைக்கு நாங்கள் வாங்கியது டயர் இல்லை. தரமான ஒரு காற்று கேஜ். உள் டயருக்கு நீட்டு வால்வு இரண்டு. பேட்டரியில் ஓடும் சின்ன கம்ப்ரஸர். ஒரு மண்வெட்டி. ஸ்டீல் ரிம்மும் பழைய டயர்களும் அப்படியே இருந்தன.

"இவ்வளவுதானா?" என்றார் மாமா. ஏமாந்த குழந்தை மாதிரி இருந்தது குரல்.

விரித்த கை அளவு

வண்டி தரையைத் தொடுகிற இடம் எவ்வளவு என்று யோசித்திருக்கிறீர்களா? டயருக்குள் இருக்கும் காற்றின் அழுத்தமும், டயர் தரையை அழுத்தும் அழுத்தமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். 80 பிஎஸ்ஐ என்பது சதுர சென்டிமீட்டருக்கு 5.6 கிலோ. 5,750 கிலோவை அதால் வகுத்து, ஆறு டயருக்குப் பங்கு போட்டால் ஒன்றுக்குச் சராசரியாக 170 சதுர சென்டிமீட்டர் வருகிறது. விரல்களோடு விரித்த ஒரு பெரிய ஆளின் கை, தோராயமாக அந்த அளவு. ஆறு கைகள் ஒரு வீட்டைத் தாங்குகின்றன. தார் ரோட்டில் சரி. மணலில் அது ஊசிச் செருப்பு போட்டு நடப்பதுதான்.

காற்றைப் பாதியாக்கினால் அந்த இடம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். பக்கச்சுவர் கெட்டியான டயர் என்பதால் கச்சிதமாக இரண்டு மடங்கு வராது, ஆனாலும் கணிசமாக விரியும். விரிவது அகலத்தில் கொஞ்சம், நீளத்தில் நிறைய. ஒட்டகத்தின் பாதம் மாதிரி.

இதைக் கண்டுபிடித்தவர்கள் பாவம், நிறையத் தோண்டியிருக்கிறார்கள். பிரிட்டிஷ் ராணுவ இன்ஜினீயர் ரால்ஃப் பேக்னால்டு 1920-களிலும் 30-களிலும் லிபியப் பாலைவனத்தில் கார் ஓட்டிப் பழகினார். டயரில் காற்றைக் குறைப்பதும், சக்கரத்துக்கு முன்னால் இரும்புத் தகடு போட்டு ஏற்றுவதும் அவர் கையாண்ட வித்தைகள். பிறகு மணல் எப்படி நகர்கிறது என்பதற்கே ஒரு பௌதிகப் புத்தகம் எழுதிவிட்டார். இரண்டாம் உலகப்போரில் நீரிலும் நிலத்திலும் ஓடிய அமெரிக்காவின் 'டக்' லாரிகளில், டிரைவர் சீட்டில் உட்கார்ந்தபடியே டயர் காற்றைக் கூட்டிக் குறைக்க வசதி இருந்தது. கடலிலிருந்து நேராகக் கடற்கரையில் ஏற வேண்டுமே!

மாமாவுக்கு இதெல்லாம் தெரியாமல் இல்லை. 2017-ல் அரிச்சல்முனை வரை தார் ரோடு வருவதற்கு முன்பு, முகுந்தராயர் சத்திரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு மணலிலும் தண்ணீரிலும் போகும் வேன்களில் அவர் சின்ன வயதில் எத்தனையோ தடவை போயிருக்கிறார். தலை கூரையில் இடிக்க நானும் ஒரு தடவை போனேன். "டிரைவரு இறங்கி டயரை ஒரு உதை உதைப்பாரு, ஆணியால வால்வை அமுக்கிக் கொஞ்சம் காத்தை விடுவாரு. கேஜாவது ஒண்ணாவது!" என்று சொல்லிச் சிரிப்பார். தெரிந்திருந்தும், கடற்கரைக்குள் இறங்கும் இடத்தில் 75 இருந்த காற்றை அவர் 50 வரைதான் விட்டார். "வீட்டையே தூக்கிட்டு ஓடுது, ரொம்ப விட்டா ரிம்ல இருந்து டயர் கழண்டுடும்."

அந்தப் பயமும் பொய்யில்லை. காற்று குறைந்தால், ரிம்மைக் கவ்வியிருக்கும் டயரின் ஓரம் ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது பிடி விட்டுவிடலாம். பாலைவன ரேஸ் வண்டிகளில் அந்த ஓரத்தை போல்ட் போட்டு இறுக்கும் தனி ரிம்கள் இருக்கின்றன. எங்களிடம் இல்லை.

கொஞ்சம் மேலே, கொஞ்சம் மேலே…

முதல் இரண்டு மைல் சொர்க்கம். கடற்கரையில் எல்லா மணலும் ஒன்றல்ல. அலை இப்போது தொட்டுவிட்டுப் போன இடம் சொதசொத. மணல்மேட்டை ஒட்டிய இடம் மாவு மாதிரி உதிரி. இரண்டுக்கும் நடுவே, ஈரம் மட்டும் நின்று தண்ணீர் வடிந்த ஒரு பட்டை இருக்கும். மணற்பருக்கைகளைத் தண்ணீர் பிடித்து ஒட்டவைத்திருக்கும் இடம், கிட்டத்தட்ட ரோடு. அதில் வண்டி வழுக்கிக்கொண்டு போனது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அலை. கூழைக்கடாக்கள் வரிசையாகத் தண்ணீரை உரசிப் பறக்கின்றன. அத்தை படுக்கையில் சாய்ந்துகொண்டு, வாயைத் திறக்காமல் பார்த்துக்கொண்டே வந்தார்.

வழியில் ரோந்து வண்டி ஒன்று கடந்தது. ஏப்ரலிலிருந்து ஜூலை நடுப்பகுதி வரை கெம்ப்ஸ் ரிட்லி ஆமைகள் முட்டையிட ஏறும் காலம். நம்மூர் பங்குனி ஆமையின் நெருங்கிய உறவு, உலகிலேயே மிக ஆபத்தான நிலையில் இருக்கும் கடலாமை இனம். நம்முடையது இரவில் வரும், இது பட்டப்பகலில் மணலில் ஏறுகிறது. அதனால் வண்டி ஓட்டுகிறவர்கள் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு ஓட்ட வேண்டும். தடம் கண்டால் முட்டைகளைப் பத்திரமாக எடுத்துப்போய்ப் பொரிக்கவைத்து, குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள். மாமா மகளுக்கு 12 வயது. உறவு முறைப்படி நான் அவளுக்கு மதினி, அவள் கூப்பிடுவதோ 'அக்கா'. "அக்கா, டர்ட்டில் வந்தா நான்தான் ஃபர்ஸ்ட் சொல்வேன்" என்று முன் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு வந்தாள். கடைசிவரை ஆமை வரவில்லை.

மூன்றாவது மைல் தாண்டி, சாயங்காலம் 4 மணி சுமாருக்கு நிறுத்தினோம். இந்தக் கடலில் ஓதம் பெரிதாக ஏறி இறங்காது. ஆனால் தென்கிழக்குக் காற்று பிடித்தால் தண்ணீர் மேலே ஏறி வரும். அன்றைக்குக் காற்று பிடித்தது. ராத்திரி இங்கேயே தூங்குவதென்றால் வண்டி கொஞ்சம் மேலே இருப்பது நல்லது. மாமா ஸ்டியரிங்கை மேட்டுப் பக்கம் ஒடித்தார். மெதுவாக.

மூன்று தப்பு ஒரே நொடியில். ஒடித்தது, மெதுவாக ஏறியது, 50 பிஎஸ்ஐ.

பின்பக்கம் ஒரு படி இறங்கியது. மாமா ஆக்ஸிலரேட்டரை மிதித்தார். எல்லோரும் அதைத்தான் செய்வோம். இன்னொரு படி இறங்கியது. நான் குதித்துப் போய்ப் பார்த்தபோது சைலன்ஸர் குழாய் மணலுக்கு ஒரு சாண் மேலே இருந்தது. ஜோடி டயர்களின் நடுவே மணல் கல் மாதிரி இறுகியிருந்தது. போனில் சிக்னல் இல்லை. மாமாவின் இன்ஷூரன்ஸில் சாலையோர உதவி உண்டு. தார் ரோடு முடிந்த இடத்தில் அந்த உதவியும் முடிகிறது. அலை நுரை எங்கள் சக்கரத் தடத்தின் ஆரம்பத்தைத் தொட்டுவிட்டுப் போனது.

எடையைக் குறைக்க எல்லோரும் இறங்க வேண்டும். அத்தையை மாமாவும் நானும் இரண்டு பக்கமும் பிடித்து இறக்கி, தண்ணீர் ஓரத்தில் மடக்கு நாற்காலி போட்டு உட்காரவைத்தோம். வேறு கெட்டியான தரை அங்கே இல்லை. குடிநீர் டேங்க்கில் 100 லிட்டருக்கு மேல் இருந்தது. தண்ணீர் என்றால் லிட்டருக்கு ஒரு கிலோ. 20 லிட்டர் வைத்துக்கொண்டு மீதியைத் திறந்துவிட்டோம்.

மண்வெட்டி மாமா கையில். நான் கையால் அள்ளினேன். அரை மணி நேரம் தோண்டியும் பள்ளம் பெரிதானதுதான் மிச்சம். அப்போதுதான் தெற்கேயிருந்து ஒரு பழைய பிக்கப் வந்து நின்றது. முகமெல்லாம் வெயிலில் கறுத்த ஒரு தூண்டில்காரர். இழுக்கக் கயிறு எடுப்பார் என்று பார்த்தோம். அவர் கயிறை எடுக்கவில்லை. டயரை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கேட்டார்.

"காத்து எவ்வளவு?"

"50" என்றார் மாமா.

அவர் தலையை மட்டும் ஆட்டினார். புதைந்த வண்டியை அப்படியே இழுத்தால் வண்டி வராது, அடிச்சட்டத்தில் கொக்கி மாட்டின இடம்தான் பிய்ந்து வரும் என்றார். முதலில் காற்று. பின்னால் 35, முன்னால் 30. இந்த எடைக்கு இந்தக் காற்று, டயர் கம்பெனி அட்டவணைப்படி பார்த்தால் ரொம்பக் குறைவு. ஆள் நடக்கிற வேகத்தில், மணலை விட்டு வெளியே வருகிற தூரத்துக்கு மட்டும்தான். இதோடு ரோட்டில் வேகமெடுத்தால் பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறி டயர் வெடித்துவிடும். அதை அவர் இரண்டு தடவை சொன்னார்.

ஆறு டயருக்கும் காற்று இறக்கினோம். உள் டயருக்கு நீட்டு வால்வு வாங்கிப் போட்டிருந்தது அன்றைக்குத்தான் புரிந்தது. ஆனால் ஜோடிக்கு நடுவே இறுகிய மணல்? மண்வெட்டி நுழையவில்லை. கை நுழையவில்லை. அத்தை நாற்காலியிலிருந்தே குரல் கொடுத்தார்.

"தோசைக் கரண்டியை எடுங்க!"

எடுத்தோம். நீட்டுக் காம்பு, தட்டைத் தலை. ஜோடி டயரின் இடுக்கைச் சுரண்டுவதற்கென்றே செய்தது மாதிரி இருந்தது. தூண்டில்காரர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தது இன்னும் கண்ணில் இருக்கிறது.

பிறகு படுக்கைக்கு அடியில் இருந்த பிளைவுட் பலகைகளை உருவி, பின் டயர்களுக்குப் பின்னால் சரிவாகத் தோண்டிச் செருகினோம். ஏன் பின்னால்? வந்த தடத்திலேயே திரும்பிப் போவதுதான் சுலபம். அந்த மணல் ஏற்கெனவே அழுந்தியிருக்கிறது, போதாததற்கு இறக்கம். மாமா ரிவர்ஸ் போட்டார். இந்த முறை மிதிக்கவில்லை. சக்கரம் சுற்ற ஆரம்பித்ததும் காலை எடுத்துவிட வேண்டும் என்று தூண்டில்காரர் சொல்லியிருந்தார். முதல் முயற்சியில் ஒரு அடி. மறுபடி தோண்டி, மறுபடி பலகை. இரண்டாவது முயற்சியில் டயர்கள் பிதுங்கிப் பலகையைக் கவ்வின. வண்டி முனகிக்கொண்டு இறங்கி ஈரப் பட்டையில் போய் நின்றது. ஒரு பலகை இரண்டாகப் பிளந்திருந்தது.

நான் திரும்பிப் பார்த்தேன். இந்த அமளி எதிலும் இல்லாமல் அத்தை புடவையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அலை வந்து கணுக்கால் வரை நனைத்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. எவ்வளவு நேரமாக அப்படி என்று தெரியவில்லை. மாமா மூச்சு வாங்க, மணலும் கிரீஸுமாகப் பக்கத்தில் போய் நின்றார்.

"என்னங்க, இன்னும் கொஞ்ச நேரம் இருப்போமா?" என்றார் அத்தை.

தூண்டில்காரருக்கு மாமா பணம் நீட்டினார். வாங்கவில்லை. அத்தை டப்பாவில் போட்டுக் கொடுத்த முறுக்கை மட்டும் வாங்கிக்கொண்டார்.

5-வது மைல் கம்பம்

அன்று இரவு, உதிரி மணலில் ஏறாமலே, ஈரப் பட்டைக்கு மேல் கொஞ்சம் கெட்டியாக இருந்த ஓர் இடத்தை நடந்து மிதித்துப் பார்த்துக் கண்டுபிடித்து நிறுத்தினோம். மூக்கு கடலைப் பார்த்து, இறக்கத்தில். காலையில் கிளம்பும்போது ஏற்றம் இருக்கக் கூடாது பாருங்கள். ஆளுக்கொரு மணி நேரம் விழித்திருந்து தண்ணீரைப் பார்த்தோம். தூங்க வேண்டிய அத்தையும் தூங்கவில்லை, அவர் தூங்காததற்குக் காரணம் வேறு.

காலையில் ஆள் நடக்கிற வேகத்தில் தெற்கே போனோம். 5-வது மைல் கம்பம் வந்தது. அதற்கு அந்தப் பக்கம் தடங்கள் ஆழமாக, கலைந்து கிடந்தன. இன்னும் கீழே போனால் கிளிஞ்சல் தூளே மணலாகக் கிடக்கும் இடங்கள் வரும், அது உதிரியிலும் உதிரி. மாமா இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கினார். கம்பத்தைப் பிடித்துக்கொண்டு தெற்கே பார்த்தபடி நின்றார். இன்னும் 55 மைல். நான் ஒன்றும் கேட்கவில்லை.

திரும்பி வந்து, "ராட்சச டயர் போட்டிருந்தாலும் இந்த வண்டி 5,750 கிலோதான்த்தா" என்று மட்டும் சொன்னார். பெரிய வட்டமாக ஸ்டியரிங்கை வளைத்து வடக்கே திருப்பினார்.

தார் ரோடு ஆரம்பிக்கும் இடத்தில் ஓரங்கட்டி, ஆறு டயருக்கும் காற்று ஏற்றினோம். அந்தச் சின்ன கம்ப்ரஸர் ஒரு டயரை 35-லிருந்து 75-க்குக் கொண்டுவர கால் மணி நேரம் எடுத்துக்கொண்டது. நடுவில் சூடேறி இரண்டு தடவை படுத்துவிட்டது. மொத்தம் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. கடற்கரையில் வண்டி ஓட்ட ஆசைப்படும் யாராவது இதைப் படித்தால், டயருக்கு ஒதுக்கும் பணத்தில் கொஞ்சம் எடுத்து நல்ல கம்ப்ரஸராக வாங்குங்கள். ஊருக்குள் வந்ததும் முதல் வேலையாக வண்டியின் அடிவயிறு முழுக்க நல்ல தண்ணீரால் அடித்துக் கழுவினோம். உப்பு விட்டுவைத்தால் பிரேக் குழாயிலிருந்து அரிக்க ஆரம்பித்துவிடும்.

நான் ஊர் திரும்பிய பிறகு மாமா ஒரு போட்டோ அனுப்பியிருந்தார். பிளந்த பிளைவுட்டுக்குப் பதில் மணலில் சக்கரத்துக்கு அடியில் போடும் ஆரஞ்சு நிற பிளாஸ்டிக் பலகை இரண்டு வாங்கி வண்டிக்குப் பின்னால் மாட்டியிருக்கிறார். டேஷ்போர்டில், பிள்ளையாருக்குப் பக்கத்தில், மார்க்கர் பேனாவால் எழுதிய ஒரு சீட்டு: 'மணல்: முன் 30, பின் 35. ரோடு: 75.'

தோசைக் கரண்டியை மட்டும் அத்தை திரும்ப அடுப்படிக்கே கொண்டுபோய்விட்டார். நன்றாகத் தேய்த்துத்தான் கழுவினார். ஆனாலும் அன்று ராத்திரி சான் அன்டோனியோவில் அவர் சுட்டுப் போட்ட முதல் தோசையில் மணல் நறநறவென்று கடிபட்டது. ஒருவரும் வாய் திறக்கவில்லை, இரண்டாவது தோசையைக் கேட்டு வாங்கிக்கொண்டோம்.